தொழுநோய் ஊழியம்: சித்தூர், வேலூர் எல்லை ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்தூர், பலமநேர், குப்பம் பக்கத்துத் தமிழ்ச் சபைகளிலும், எல்லைக்கு இந்தப் புறம் குடியாத்தம், காட்பாடி ஊர்களிலும் தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்காக எங்கள் சிறு குழு வேலை செய்கிறது. செருப்பு வாங்கித் தருவது, காலைக் கவனிக்கச் சொல்லிக் கொடுப்பது, அரசு மனு எழுதித் தருவது, பிள்ளைகளின் படிப்புக்கு ஓடுவது, அவ்வளவுதான். போகிற இடமெல்லாம் ஒரே கேள்விகள் வருவதால் அவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டியது மருத்துவர்தான்.

குஷ்டமெல்லாம் ஒழிஞ்சு போச்சுன்னு சொன்னாங்களே, இன்னும் இருக்கா?

இருக்கிறது. 2005 டிசம்பரில் இந்தியா அறிவித்தது வேறு விஷயம். நாடு முழுவதும் கணக்குப் பார்த்தால் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாகத்தான் நோயாளிகள் இருக்கிறார்கள், ஆகவே இது இனி பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்றார்கள். ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை. இன்றும் உலகத்தில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான்.

அந்த அறிவிப்பால் ஒரு தொல்லையும் வந்தது. நோய் போய்விட்டது என்று மக்கள் நினைத்துக்கொண்டதால் தேமலைக் காட்ட யாரும் வருவதில்லை. விரல் மடங்கிய பிறகுதான் வருகிறார்கள்.

பக்கத்துல உட்கார்ந்தா ஒட்டிக்குமா? ஒரே தட்டுல சாப்பிட்டா?

இது ஒரு கிருமியால் வருகிறது. 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அதைக் கண்டுபிடித்தார். சிகிச்சை எடுக்காத நோயாளியோடு நீண்ட காலம் நெருங்கி வாழும்போது, மூக்கு, வாய் வழியாக வரும் நீர்த்துளிகள் மூலம் பரவுகிறது. நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இயல்பாகவே எதிர்ப்புச் சக்தி இருப்பதால் கிருமி உள்ளே போனாலும் ஒன்றும் ஆகாது. கை குலுக்குவதாலும், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவதாலும், தட்டு டம்ளராலும் வராது. பரம்பரை நோயும் இல்லை.

மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளியிடமிருந்து பரவுவது நின்றுவிடும். கை மடங்கி, காலில் கட்டோடு நடக்கும் வயதானவரைக் கண்டு ஒதுங்குகிறோம். அவர் பெரும்பாலும் எப்போதோ குணமானவர். கவலைப்படுவதானால், நன்றாக நடமாடிக்கொண்டு, தேமலைச் சட்டைக்குள் மறைத்து வைத்திருக்கிறவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

என் பொண்ணுக்கு முதுகுல வெளுத்த தேமல் ஒண்ணு இருக்கு. அதுவா இருக்குமோ?

எல்லாத் தேமலும் தொழுநோய் இல்லை. தொழுநோய்த் தேமல் சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் வெளிறியோ சிவந்தோ இருக்கும், பொதுவாக அரிக்காது, முக்கியமாக அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். சுண்ணாம்பு மாதிரி முழு வெள்ளையாக இருக்கும் வெண்புள்ளி வேறு, அதில் உணர்ச்சி போகாது. சிலருக்குத் தேமலே தெரியாமல் காது மடல் தடித்து, முகம் மினுமினுப்பாக இருக்கும். குழந்தைகளுக்கும் முகத்தில் உள்ள தேமலுக்கும் இந்தப் பஞ்சுச் சோதனையை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். காட்டிவிடுங்கள்.

கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு ஆகும், சிலருக்கு இருபது ஆண்டுகூட ஆகலாம். அதனால் ‘யாரிடமிருந்து வந்தது’ என்று தேடிச் சண்டை போடுவதில் பயனில்லை.

மாத்திரைக்கு எவ்வளவு ஆகும்?

ஒரு பைசா ஆகாது. கூட்டு மருந்துச் சிகிச்சையை 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இன்று அரசு சுகாதார நிலையங்களில் அட்டை அட்டையாக இலவசமாகத் தருகிறார்கள். தேமல்கள் குறைவாக இருந்தால் ஆறு மாதம், அதிகமாக இருந்தால் பன்னிரண்டு மாதம். மாதம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் முன்னாலேயே ஒரு வேளை விழுங்க வேண்டும், மற்றவை வீட்டில். கூட இருக்கும் குடும்பத்தாருக்கும் நோய் வராமல் இருக்க ஒரே ஒரு வேளை மருந்து தருகிறார்கள், அதையும் கேட்டு வாங்குங்கள்.

நாட்டு மருந்து கொடுத்து மூன்று மாதத்தில் குணமாக்குகிறேன் என்று பணம் வாங்குகிறவர்கள் இந்தப் பக்கம் உண்டு. அவர்களிடம் போகும் மாதங்களில்தான் நரம்பு கெடுகிறது.

மாத்திரை சாப்பிட்டதும் உடம்பு கறுத்துப் போச்சு, சிறுநீரும் சிவப்பா வந்துச்சு. பயந்து நிறுத்திட்டேன்.

நிறுத்தியிருக்கக் கூடாது. சிவப்பு நிறம் ரிஃபாம்பிசின் மருந்தால் வருவது, ரத்தம் இல்லை. தோல் கறுப்பது குளோஃபாசிமின் மருந்தால், சிகிச்சை முடிந்த பின் மெல்ல மெல்லப் பழைய நிறம் திரும்பும். கர்ப்பிணிகளும் மருந்தைத் தொடரலாம்.

பயப்பட வேண்டியது வேறொன்று. சிகிச்சைக்கு நடுவிலோ முடிந்த பிறகோ திடீரெனத் தேமல் சிவந்து வீங்குவது, முழங்கை நரம்பு வலிப்பது, கை கால் பலம் குறைவது, கண் சிவப்பது நடந்தால் அது ‘ரியாக்ஷன்’. செத்த கிருமியின் மிச்சத்தோடு உடம்பு போடும் சண்டை அது. மாத்திரையை நிறுத்தாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடனே ஸ்டீராய்டு கொடுத்தால் நரம்பைக் காப்பாற்றலாம். ‘அடுத்த சந்தைக்குப் போகும்போது காட்டிக்கலாம்’ என்று விட்டவர்களில் சிலருக்குப் பாதம் தொங்கிப்போனதைப் பார்த்திருக்கிறோம்.

மாத்திரை முடிஞ்சுது, ஆனா விரல் நேராகல. அப்போ குணமாகலதானே?

குணமாகிவிட்டது. கிருமி போய்விட்டது, அது ஏற்கெனவே கெடுத்த நரம்பு மட்டும் திரும்பவில்லை. இந்தக் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த பகுதிகள் பிடிக்கும். தோல், மூக்கு, தோலுக்கு ஒட்டினாற்போல ஓடும் நரம்புகள் அதற்கு இலக்கு. நரம்பு போனால் விரலுக்குள் இருக்கும் சின்னத் தசைகள் செயலிழந்து விரல் மடங்குகிறது, வலியும் தெரியாமல் போகிறது. விரல் தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சூடு, வெட்டு, புண் எல்லாம் கவனிக்கப்படாமல் எலும்பு வரை போகிறது, அதில்தான் விரல் குட்டையாகிறது.

இதைத் தெளிவாக நிறுவியவர் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். இரவில் தூங்கும்போது நோயாளிகளின் விரல்களை எலி கடித்துக்கொண்டு போவதுகூடத் தெரியவில்லை என்று கண்டு, வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பிய கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். முன்கையில் கெடாமல் இருக்கும் தசையின் நாணை எடுத்து விரலுக்கு மாற்றிக் கட்டினால் விரல் மறுபடி வேலை செய்யும் என்பதையும் அவர் காட்டினார். அந்த அறுவை சிகிச்சை இன்றும் நடக்கிறது. தகுதி உள்ளவர்களுக்கு, சம்பளம் போகிறதே என்று தயங்காமல் இருக்க, அரசு 12,000 ரூபாய் உதவித்தொகையும் தருகிறது.

மாத்திரையை கவர்மென்ட்டே தருதே, அப்புறம் மிஷன்காரங்க எதுக்கு?

நல்ல கேள்வி. மாத்திரைக்காக மட்டும் என்றால் தேவையில்லை. மாத்திரை ஓராண்டில் முடிந்துவிடும். மரத்த கால் சாகும் வரை கூட வரும். அந்த மிச்ச வருஷங்களுக்குத்தான் ஆள் வேண்டும்.

முன்பு கதை வேறு. 1874இல் அயர்லாந்துக்காரர் வெல்லஸ்லி பெய்லி தொடங்கிய தொழுநோய் மிஷன் காலத்தில் மருந்து என்று ஒன்று இல்லை. தங்க இடம், சோறு, கட்டு, ஜெபம், இவைதான் தர முடிந்தது. இந்தப் பக்கத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார், அந்த வரிசையில் தொழுநோயாளிகளும் நின்றார்கள். 1955இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் ஷிஃபெலின் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை வந்தது. பொட்டல் காடாக இருந்த இடம் அது. இன்று உள்ளே நுழைந்தால் மரங்களைப் பார்த்தே நம்ப முடியாது. அங்கிருந்து குடியாத்தம் வட்டத்தில் ஊர் ஊராகப் போய் நோயாளிகளைத் தேடினார்கள். அதே 1955இல் செங்கல்பட்டுப் பக்கம் பொலம்பாக்கத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த டாக்டர் ஹெமரிக்ஸ் மரத்தடிச் சிகிச்சையைத் தொடங்கினார். நோயாளியை அடைத்து வைக்காமல் அவன் ஊருக்கே மருந்து போனது.

கேரளத்தில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸை விட்டுவிட்டு இதைச் சொல்ல முடியாது. 1954இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். இந்த ஊழியத்தில் யார் யாருக்கு உதவுகிறார்கள் என்று கோடு போட முடியாது என்பதற்கு எனக்கு அவரைவிட நல்ல சாட்சி தெரியவில்லை.

கரிகிரிக்குப் போனா அங்க எல்லா நோயாளியும் இருக்காங்க. ஜுரத்துக்கும் பார்க்கிறாங்களே?

வேண்டுமென்றேதான். பொது நோயாளிகளும் வரும் இடமாக இருந்தால் தொழுநோயாளி வாசலில் தலைகுனிய வேண்டியதில்லை. அங்கே போகிறவரைப் பார்த்து ‘இவருக்கு அதுதான்’ என்று யாரும் முடிவு கட்ட முடியாது.

ஒரு செருப்புக்கு ஏன் இவ்வளவு பேச்சு? சந்தையில் வாங்கினது போதாதா?

போதாது. வலி தெரியாத பாதத்துக்குச் செருப்புதான் மருந்து. எம்.சி.ஆர். என்று சொல்லும் நுண்ணறை ரப்பர் உள்ளடி மெத்தென்று இருந்து பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்புகிறது. அடிப்பக்கம் முள், கண்ணாடி ஏறாதபடி கெட்டியாக இருக்கும். ஆணி அடிக்கக் கூடாது, ஒட்டவோ தைக்கவோதான் வேண்டும். பின் வார் கட்டாயம், இல்லாவிட்டால் செருப்பு கழன்றது தெரியாமலே வெறுங்காலில் நடந்துவிடுவார்கள். பாதம் ஏற்கெனவே உருமாறியிருந்தால் அளவெடுத்துச் செய்ய வேண்டும். கரிகிரியில் இதற்கென்றே பட்டறை உண்டு.

இங்கே ஒரு தகராறும் உண்டு. ஒரே மாதிரிக் கறுப்புச் செருப்பைக் கொடுத்தால் அதைப் பார்த்தே ஊரில் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று இளம்பெண்கள் போட மறுக்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம். மேல் வாரை நிறத்தில், டிசைனில் செய்து தரக் கேட்கிறோம். விலை கொஞ்சம் கூடுகிறது. கூடட்டும்.

கால் புண் ஆறவே மாட்டேங்குது. எந்த மருந்து போடலாம்?

மருந்தைவிட ஓய்வு. வலி இருந்தால் நீங்களே நொண்டிக் காலை ஊன்றாமல் இருப்பீர்கள், இங்கே வலி இல்லாததால் புண்ணின் மேலேயே நடக்கிறீர்கள். சுத்தமாகக் கட்டி, காலுக்குப் பாரம் தராமல் இருந்தால் சாதாரணப் புண் ஆறும். நாற்றம், சீழ், ஜுரம் இருந்தால் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

புண் இல்லாதபோது செய்ய வேண்டியது: தினமும் மாலையில் இருபது நிமிஷம் கால்களைப் பச்சைத் தண்ணீரில் ஊறவையுங்கள். வெந்நீர் வேண்டாம், சூடு தெரியாது. தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்த்து எடுத்து, ஈரம் காயும் முன் எண்ணெய் பூசுங்கள். உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், பார்வை குறைவென்றால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுப்பில் வேலை செய்கிறவர்கள் எவர்சில்வர் டம்ளரை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது, துணி வேண்டும். கண் இமை மூடாதவர்கள் பைக்கில் போகும்போது கண்ணாடி போடுங்கள்.

எனக்கு ரேஷன் கார்டு ஆந்திராவுல. மாத்திரையை தமிழ்நாட்டுல வாங்கலாமா? பென்ஷன்?

மாத்திரைக்கு மாநில எல்லை இல்லை. சித்தூர்க்காரர் வேலூரில் தொடங்கலாம், பிறகு ஊர் சுகாதார நிலையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். எழுத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் பெயர் இருக்கும், ஓரிடத்திலும் மருந்து இருக்காது.

பென்ஷன் அப்படியில்லை. கார்டு எந்த மாநிலமோ அங்கேதான். ஆந்திராவில் 2024இல் தொடங்கிய என்.டி.ஆர். பரோசா திட்டத்தில் உடல் குறைபாடுள்ள தொழுநோயாளிகளுக்கு மாதம் 6,000 ரூபாய். தமிழ்நாட்டிலும் தனி உதவித்தொகை உண்டு, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் தொழுநோயிலிருந்து குணமானவர்களையும் சேர்த்திருக்கிறது, ஆகவே முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குங்கள். படிவம் தெலுங்கில் இருக்கிறது, எழுதத் தெரியவில்லை என்றால் எங்களிடம் வாருங்கள். பாதி வேலையே அதுதான்.

விரல் ரேகை விழல, ரேஷன் கடையில திருப்பி அனுப்பிட்டாங்க.

விரல் ரேகை இல்லாதவர்களுக்கும் ஆதார் தர வேண்டும் என்பதே விதி. கருவிழி வைத்துப் பதியலாம், இரண்டுமே முடியாவிட்டால் விதிவிலக்காகப் பதிய வழி இருக்கிறது. கடையில் கருவிழிக் கருவி கேளுங்கள், அல்லது குடும்பத்தில் இன்னொருவர் ரேகை வைக்கலாம். தனி ஆளாக இருந்தால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

பாஸ்டர், இது பாவத்தின் தண்டனையா? பைபிளிலேயே அப்படி இருக்கே?

பிறவிக் குருடனைக் காட்டி ‘யார் செய்த பாவம்’ என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் இல்லை, அவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு. அது யோவான் ஒன்பதாம் அதிகாரம். அவர் குஷ்டரோகியைத் தொட்டார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறது. தூரத்தில் நின்று ஒரு வார்த்தையால் குணமாக்கியிருக்கலாம். பிரசங்கத்தில் பாவத்துக்கு உவமையாகத் தொழுநோயைச் சொல்லும் ஆயர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

உண்மையைச் சொல்லுங்க, மதம் மாத்தத்தானே இதெல்லாம்?

பழைய தொழுநோய் ஆசிரமங்களில் ஆராதனை அன்றாட ஒழுங்கில் ஒரு பகுதிதான். ஆண், பெண் தனித்தனியாக வைக்கப்பட்டார்கள், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்த்ததும் உண்டு. அன்றைய மருத்துவ அறிவு அதற்குக் காரணம் சொன்னாலும், பிரிக்கப்பட்ட பிள்ளைக்கு அது ஆறுதல் இல்லை. இதை மறைக்க வேண்டியதில்லை.

இன்று எங்கள் குழுவில் விதி எளிது. செருப்புக்கு அளவெடுக்கும்போது மதம் கேட்பதில்லை, துண்டுப் பிரசுரமும் பெட்டிக்குள் வைப்பதில்லை. யாராவது ஜெபிக்கச் சொன்னால் ஜெபிக்கிறோம். எங்களிடம் வருகிறவர்களில் திருப்பதிக்கு நடந்து போக முடியவில்லையே என்று வருந்துகிறவர்களும் உண்டு. நல்ல செருப்பு இருந்தாலும் மரத்த காலோடு மலை ஏறுவது ஆபத்து, பஸ்ஸில் போங்கள் என்றுதான் சொல்கிறோம்.

சபையில திருவிருந்துக்கு ஒரே கிண்ணம். அவங்களும் குடிக்கலாமா?

இரண்டாவது கேள்விக்குச் சொன்னதுதான் பதில். கடைசியாக வரச் சொல்வதும், தனிக் கிண்ணம் வைப்பதும் வேண்டாம்.

மகளுக்கு வரன் பேசுறோம். அப்பாவுக்கு இருந்ததைச் சொல்லணுமா? கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா விவாகரத்து ஆகுமா?

சட்டப்படி ஆகாது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்த பிரிவுகளை 2019இல் திருத்தி நீக்கிவிட்டார்கள். கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், இந்துத் திருமணச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டம், முஸ்லிம் பெண்களுக்கான 1939ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாவற்றிலும். நோயாளிகளை அடைத்து வைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டமும் 2016இல் ரத்தானது.

சொல்ல வேண்டுமா என்பதற்கு என்னால் ஒரே பதில் தர முடியாது. தந்தைக்கு இருந்தது பரம்பரையாக மகளுக்கு வராது, ஆகவே அது அவளுடைய உடல்நலத் தகவல் இல்லை. ஆனால் மாமியார் வீட்டில் யாராவது கரிகிரி ஆளாக இருந்து, பிறகு தெரிந்து, அவள் தனியாகப் பேச்சு வாங்குவதையும் பார்த்திருக்கிறோம். மாப்பிள்ளையிடம் மகளே சொல்வது நல்லது, தரகரிடம் சொல்லாதீர்கள் என்பது என் கருத்து.

கிறிஸ்மஸுக்கு எங்க வாலிபர் குழு காலனிக்குப் பழம், ரொட்டி கொடுத்துட்டு போட்டோ எடுக்கலாம்னு இருக்கோம்.

டிசம்பர் கடைசி வாரத்தில் தொழுநோயாளிகள் வாழும் காலனிக்கு ஒரே நாளில் மூன்று குழுக்கள் வந்து வாழைப்பழம் அழுகிப்போவதைப் பார்த்தவன் சொல்கிறேன், பழம் வேண்டாம். பிளாஸ்டிக் பேசின், தேய்க்கும் கல், தேங்காய் எண்ணெய், கண்ணாடி, சுத்தமான கட்டுத் துணி வாங்கிக் கொடுங்கள், அதுவும் ஜூன், ஜூலையில் யாரும் வராத காலத்தில். வந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள்.

முகம் தெரியும் போட்டோ வேண்டாம். ‘அவங்களே சரின்னு சொன்னாங்க’ என்பீர்கள். கையில் ரொட்டிப் பொட்டலம் கொடுத்துவிட்டுக் கேட்டால் யார் இல்லை என்பார்கள்? அப்படி எடுத்த ஒருவருடைய படம் அவர் பேரனின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து, அவன் கல்லூரிக்குப் போவதை நிறுத்தப் பார்த்தான்.

வெளிநாட்டுப் பணம் கொட்டுதே, நாங்க ஏன் காணிக்கை போடணும்?

வெளிநாட்டு நன்கொடை வாங்க நிறுவனத்துக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் ஒரே கிளை வழியாகத்தான் வர முடியும். எங்களைப் போன்ற சிறு குழுக்களுக்கு அந்த அனுமதி இல்லை, வெளிநாட்டுப் பணமும் இல்லை. யாருக்குக் கொடுத்தாலும் ரசீதும் வருடக் கணக்கும் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

குணமானவங்கன்னு சொல்றீங்க, பஸ் ஸ்டாண்டுல பிச்சை எடுக்கிறாங்களே?

கிருமி போனதும் வேலை கிடைத்துவிடுமா? மடங்கிய கையைப் பார்த்து டீக்கடையில்கூட வேலை தரமாட்டார்கள். பீடி சுற்றவோ தீப்பெட்டி ஒட்டவோ விரல் ஒத்துழைக்காது. சிலருக்கு ஆடு, சிலருக்குத் தையல் மிஷின், சிலருக்குப் பெட்டிக்கடை முதல் என்று கொடுத்துப் பார்த்தோம். பெட்டிக்கடை பெரும்பாலும் ஓடவில்லை, அவர் கையால் பண்டம் வாங்க ஊரார் தயங்கினார்கள். ஆடு கைகொடுத்தது. ஆடு யாருடையது என்று சந்தையில் யாரும் கேட்பதில்லை.

காலனியில கிழவங்க மட்டும்தான் மிச்சம். அவங்களுக்கு அப்புறம் இந்த ஊழியம் முடிஞ்சுடுமா?

காலனி முடியலாம், முடிவதில் தப்பில்லை. புது நோயாளிகள் தங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள், அவர்களைத் தேடிப் போக வேண்டும். முப்பது வயதில் கால் மரத்தவருக்கு இன்னும் எத்தனையோ வருஷம் செருப்பு வேண்டும்.

காலனியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பிரச்சினை வேறு, அது நிலம். பல வீடுகள் புறம்போக்கிலோ நிறுவனத்தின் பெயரிலோ இருக்கின்றன, பட்டா இல்லை. தாத்தா போன பிறகு ‘நோயாளிக்குக் கொடுத்த இடம், உனக்கென்ன நோயா?’ என்று கேட்கிறார்கள். இப்போது நாங்கள் அதிகம் எழுதுவது பட்டா மனுக்கள்தான். தமிழும் தெலுங்கும் எழுதத் தெரிந்தவர்கள், ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் யாராவது உங்கள் சபையில் இருந்தால் இன்னும் நல்லது, ஆராதனை முடிந்ததும் எங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.